டோரதி வீட்டுத் துட்டி

ஒரு டோரதிக்கு ஒரு வேன் நிறையப் பெண்பிள்ளைகள். நான் வேலை பார்த்த காலத்தில் இதுதான் மாற்று விகிதம். எந்த வங்கியிலும் இதை எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். கணக்குப் போட்டுச் சொன்னவன் நான். இங்கிலாந்தில் ஓர் அம்மாள் வாங்குகிற சம்பளத்தில் தக்கலையில் ஒரு வேனை நிரப்பி, அந்த வேனுக்கு டீசலும் போட்டு, டிரைவருக்குக் கிறிஸ்துமஸ் கேக்கும் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நிரூபித்தேன். நிரூபித்ததற்காக எனக்குச் சம்பளம் கூட்டினார்கள். அதையும் அந்த அம்மாளின் சம்பளத்திலிருந்துதான் எடுத்திருப்பார்கள்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு உபயோகமாக எதையாவது எழுதித் தரச் சொன்னார்கள். தொழில்நுட்பம் எழுதினால் சிரிப்பீர்கள். ஓய்வு பெற்ற நாளன்றுகூட 'இணைத்துள்ளேன்' என்று எழுதிவிட்டு எதையும் இணைக்காமல் மெயில் அனுப்பியவன் நான். எனவே டோரதியைப் பற்றிச் சொல்கிறேன். வெளிநாட்டு வேலையை இங்கே வாங்கிச் செய்கிற எவரும், அந்த நாற்காலியில் நேற்று வரை இருந்தது யார் என்று ஒருமுறையாவது யோசிக்க வேண்டும். எனக்கு அந்த யோசனை தானாக வரவில்லை. வரவழைத்தார்கள்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் நடந்தது. தக்கலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கீழே துணிக்கடை, மேலே நாங்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் சென்னைக்காரர்கள் செய்யும் வேலையை அவர்களைவிடக் குறைந்த கூலியில் செய்து கொடுத்தோம். மலிவில் மலிவு. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வட இங்கிலாந்திலிருந்து ஒரு கம்பெனி எங்களிடம் வந்தது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குகிற பாய்லர்களுக்கு உதிரிபாகம் விற்பவர்கள். ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக்குகள் போனில் கூப்பிட்டு இன்ன பாகம் வேண்டும் என்பார்கள். எது பொருந்தும், எப்போது வந்து சேரும் என்று சொல்லி ஆர்டர் எடுப்பதுதான் வேலை. எங்கள் பிள்ளைகளுக்கு இதில் அஸ்திவாரத்திலேயே சந்தேகம்.

"வீட்டைச் சூடாக்கவா சார்? காசு குடுத்தா?" என்று கேட்டாள் குலசேகரத்திலிருந்து வருகிற அஜிதா.

முட்டம் பக்கத்துக் கடற்கரைப் பெண் பெமினா அவளுக்குப் பதில் சொன்னாள். "எங்க வீட்டுல வந்து இரிக்கச் சொல்லு மக்கா. மேல தகர ஷீட்டாக்கும். ஓசியில வேவலாம்."

அந்த இங்கிலாந்துக் கம்பெனியின் ஆர்டர் பிரிவில் மற்றவர்களையெல்லாம் முன்பே அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியவர் டோரதி. முப்பது வருஷத்துக்கு மேலாக அங்கே வேலை பார்த்தவர். அவருக்கு இரண்டு காரியங்கள் விதிக்கப்பட்டிருந்தன. அக்டோபர் முழுவதும் தொலைபேசி வழியாக எங்கள் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். மாதக் கடைசியில் இவர்கள் தேறிவிட்டார்கள் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மறுநாளிலிருந்து அவருக்கு வேலை இல்லை. போடாவிட்டாலும் இல்லை. வேலை சென்னைக்குப் போய்விடும், எங்கள் பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தன் குழியைத் தானே வெட்டி, அளவு சரிதானா என்று உள்ளே இறங்கிப் படுத்தும் பார்க்கச் சொன்ன கதை.

அந்தக் கையெழுத்தை நம்பி ஒன்பது பேர் இருந்தார்கள். வேலை உறுதியாகாவிட்டால் துபாயில் அக்காள் வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போக வேண்டும் என்று பெமினாவுக்கு வீட்டில் சொல்லிவிட்டார்கள். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ கூட எடுத்தாயிற்று. பி.காம். முதல் வகுப்பு. அந்தப் போட்டோவை யாருக்கும் காட்டமாட்டாள்.

டோரதி எப்படிப் பயிற்சி கொடுத்திருப்பார் என்று உங்களால் ஊகிக்க முடியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தினம் அரை மணி நேரம், தனித்தனியாக. எதைக் கேட்டாலும், கம்பெனி எங்களுக்கு அனுப்பியிருந்த வழிமுறை ஆவணத்தைச் சுட்டி ஒரே பதில்: "அது ஆவணத்தில் இருக்கிறது." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"எங்க பெரியம்மை பேரும் டோரதிதான் சார்," என்றாள் பெமினா. "அவியளும் இப்பிடியாக்கும். குழம்புக்கு உப்பு எவ்வளவுன்னு கேட்டா, வேண்டிய அளவுன்னு சொல்லுவாவ."

டோரதிக்கு மேலதிகாரி ரிச்சர்ட். என் மகன் வயதுகூட இராது. வாரந்தோறும் என் செலவுப் பட்டியலில் ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார். வேன் எதற்கு, பஸ் இல்லையா? ராத்திரி பத்து மணிக்கு இல்லை என்பேன். சாயங்காலம் 'ரசவடை' என்று ஒரு செலவு இருக்கிறதே, அதனால் உற்பத்தி கூடுமா? கூடும் என்பேன். பழைய நாவல்களில் படித்த மழை பெய்யும் இங்கிலாந்து வேறு, ரிச்சர்டின் இங்கிலாந்து வேறு. இதில் மழையைக்கூட டெண்டர் விட்டுத்தான் பெய்ய வைப்பார்கள்.

மாதக் கடைசிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை டோரதி போனுக்கு வரவில்லை. ரிச்சர்டிடமிருந்து மெயில் வந்தது. டோரதியின் கணவர் திடீரென்று காலமாகிவிட்டார், ஒரு வாரம் விடுப்பு, அவருடைய தனிமையை அனைவரும் மதிக்க வேண்டும். நான் அதை அப்படியே எல்லோருக்கும் அனுப்பினேன். இந்த முறை உண்மையிலேயே இணைத்தேன். என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவர் வேலைக்குத் திரும்பினார். அன்று பயிற்சி நடந்தது. மறுநாள் ரிச்சர்டின் மெயில் வந்தது. அதன் சாரம் இது: நேற்றைய ஒன்பது அழைப்புகளின் பதிவையும் எங்கள் தரப் பரிசோதனைப் பிரிவு போட்டுக் கேட்டது. ஒன்றில்கூட பாய்லர் பற்றிய பேச்சு இல்லை. துக்கத்தில் இருக்கும் ஒரு பணியாளரிடம் அவர் கணவர் இறந்த விவரங்களை ஒன்பது பேரும் மாறி மாறி விசாரித்திருக்கிறார்கள். மேலும், ஒன்பது பேருமே முடிவில் விடைபெறும் வாசகத்தைச் சொல்லாமல் இணைப்பைத் துண்டித்திருக்கிறார்கள். பொறுப்பானவர்கள் யார், அவர்கள் மேல் என்ன நடவடிக்கை என்பது நாளைக்குள் தெரிய வேண்டும்.

நான் பெமினாவைக் கூப்பிட்டேன். குரலை உயர்த்த முயன்றேன். எனக்கு உயர்த்தினால் கீச்சிடும்.

"பெமினா, தனிமையை மதிக்கணும்னு மெயில் அனுப்பினேனா இல்லையா?"

"அனுப்பினிய சார்."

"பிறகு?"

"துட்டி கேக்காம என்னத்த சார் பேச? மாப்பிள்ளை செத்துக் கிடந்த வீட்டுல போயி, வால்வு எங்க இரிக்குன்னு கேக்க முடியுமா?"

"சரி. ஒருத்தி கேட்டாப் போதாதா? ஒன்பது பேருமா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "நீங்க எந்த ஊரு சார்? வீட்டுக்கு ஒரு ஆளு போவாண்டாமா? நான் கேட்டா அஜிதா கேட்ட கணக்குல வருமா?"

"போனை ஏன் பட்டுன்னு வச்சீங்க? 'இனிய நாளாக அமையட்டும்'னு சொல்லித்தானே முடிக்கணும்?"

"துட்டி வீட்டுலயா!" என்று அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "சார், நீங்க சொல்லுவியளா?"

சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லமாட்டீர்கள். துட்டி கேட்பது என்றால், சாவு வீட்டில் போய் உட்கார்ந்து, எப்படி நடந்தது என்று கேட்க வேண்டும். ஏற்கனவே தெரிந்திருந்தாலும் கேட்க வேண்டும். அவர்கள் முதலிலிருந்து சொல்வார்கள். கேட்டு முடித்ததும் எழுந்து, போய்வருகிறேன் என்று சொல்லாமல் வந்துவிட வேண்டும். இப்படி ஒரு காரியத்துக்கு இன்னொரு முறை அந்த வீட்டுக்கு வர நேரக்கூடாது என்பதால். நாங்களெல்லாம் நடக்கப் படித்த வயதில் படித்த மரியாதை இது. ரிச்சர்டின் தரப் பரிசோதனைப் பட்டியலில் இதற்கு முழுப் பூஜ்யம்.

பதிவுகளைக் கேட்க உட்கார்ந்தேன். பேச்சு ஆங்கிலம்தான், தமிழில் சொல்கிறேன். முதல் அழைப்பு பெமினாவுடையது. "மேடம், எப்படி நடந்தது?" "மாரடைப்பு," என்றார் டோரதி. ஆவணத்தில் இருக்கிறது என்கிற அதே குரல். பெமினா விடவில்லை. "அப்போது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா?" "சமையலறையில் இருந்தோம்."

மூன்றாவது பிள்ளையிடம், காலை உணவு நேரம் என்றார். ஐந்தாவது பிள்ளை, கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். டோரதி சொன்னார்: "சாப்பிடவில்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஆரஞ்சு ஜாம் தீர்ந்துவிட்டது என்று என்னைக் குறை சொன்னார். இந்த வீட்டில் தீர்ந்துபோனதைக் கண்டுபிடிப்பது எப்போதும் நான்தான் என்றார். புது பாட்டில் எடுக்கச் சாமான் அறைக்குப் போனேன். திரும்பி வந்தேன்."

எட்டாவது ஆள் அஜிதா. "அந்த பாட்டிலை என்ன செய்தீர்கள் மேடம்?"

"அலமாரியில் இருக்கிறது. திறக்கவில்லை." அதற்குப் பிறகு ஒரு சத்தம். அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். அஜிதா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. இடையிடையே "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்ததும் போனை வைத்துவிட்டாள்.

ஒன்பதாவது பிள்ளை கேட்க வாயெடுக்கும் முன்பே டோரதி, "எப்படி நடந்தது என்று உங்களுக்கும் தெரிய வேண்டும், இல்லையா?" என்று தொடங்கினார்.

எங்கள் முதலாளியிடம் போனேன். வளைகுடாவில் பல வருஷம் இருந்து வந்தவர். எதற்கும் பதறாதவர். "ரெண்டு பிள்ளையளுக்க பேரை எழுதி அனுப்பும் ஓய்," என்றார். "நடவடிக்கை எடுத்தாச்சுன்னு சொல்லும். ஒரு மாசம் கழிச்சு அதே பிள்ளைய வேற பேருல எடுத்துக்கிடலாம். அவனுவளுக்கு நம்ம பிள்ளையளுக்க மொகம் தெரியுமா?"

புத்திசாலித்தனமான யோசனை. நானும் எழுத உட்கார்ந்தேன். என் மேசைமேல் இருந்த பட்டியலில் ஒன்பது பெயர்கள். எந்த இரண்டு? பெமினாவை எழுதினால் அந்தப் போட்டோ பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும். அஜிதாவை எழுதினால், பாட்டிலைப் பற்றிக் கேட்டதற்காக எழுதியதாகும். மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதினேன். கிழித்தேன். அதைவிடக் கோழைத்தனமாக இன்னொன்று எழுதினேன். அது நன்றாகவே வந்திருந்தது.

பிறகு ரிச்சர்டின் மெயிலைத் திரும்பப் படித்தேன். இளைய நண்பர்களே, நெருக்கடியில் எனக்கு உதவிய ஒரே பழக்கம் இதுதான்: பதில் எழுதும் முன் குற்றச்சாட்டை இன்னொரு முறை நிதானமாகப் படிப்பது. அதில் குற்றம் இருந்தது, குற்றவாளிகள் இருந்தார்கள். புகார் சொன்னவரைத்தான் காணோம். தரப் பரிசோதனைப் பிரிவு வருந்தியிருந்தது. ரிச்சர்ட் வருந்தியிருந்தார். டோரதி?

போன் போட்டேன். "டோரதி புகார் சொன்னாரா?"

"இல்லை. ஆனால் அது தேவையும் இல்லை," என்றார் ரிச்சர்ட்.

"தயவுசெய்து அவரிடம் கேளுங்கள்."

"அவர் புண்பட்டிருந்தால் உங்களுடைய ஒப்பந்தமே போய்விடும். புரிகிறதல்லவா?"

"புரிகிறது," என்றேன். நன்றாகப் புரிந்தது. தைரியம் என்று நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பெயர்களைத் தேர்ந்தெடுப்பதைவிட ஒன்பதையும் டோரதியின் ஒரு வார்த்தையில் விட்டுவிடுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் டோரதியே என்னைக் கூப்பிட்டார். அறைக் கண்ணாடிக்கு வெளியே ஒன்பது தலைகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. எழுதி வைத்திருந்த வாசகத்தை வாசிக்கத் தொடங்கினேன். 'தங்கள் உணர்வுகளைப் புண்படுத்தும் நோக்கம் எமது நிறுவனத்துக்கு எவ்விதத்திலும்...' அந்த இடத்தில் அவர் குறுக்கிட்டார்.

"உங்கள் பிள்ளைகள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். நீங்கள் மட்டும்தான் இன்னும் கேட்கவில்லை."

எத்தனையோ துட்டி வீடுகளுக்குப் போனவன் நான். காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"எப்படி நடந்தது, அம்மா?" என்று கேட்டேன். அந்த 'அம்மா' மட்டும் தமிழில் வந்துவிட்டது.

சொன்னார். முதலிலிருந்து சொன்னார். ஒன்பது முறை சொல்லிச் சொல்லி அந்தக் கதைக்கு ஒரு நடை வந்திருந்தது. ஜாம் தீர்ந்த இடத்தில் அவர் சிரித்தார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். நான் "ம்" சொன்னேன்.

"இங்கே என் மேசைமேல் ஓர் அனுதாப அட்டை வைத்திருந்தார்கள்," என்றார் முடிவில். "மற்றப் பிரிவுக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நல்லவர்கள். என்னைக் கண்டால் காப்பி எடுக்கப் போய்விடுகிறார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. ஆமாம், உங்கள் பிள்ளைகள் ஏன் சொல்லாமல் போனை வைத்தார்கள்?"

விளக்கினேன். "நல்ல ஏற்பாடு," என்றார்.

பிறகு அவர் குரல் அலுவலகத்துக்குத் திரும்பியது. "இனி கையெழுத்து விஷயம். உங்கள் பிள்ளைகளுக்கு வேலை தெரியாது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். அவர்களுக்கு எதிராக எழுத மாட்டேன். ஆனால் குளிர்காலத்தைப் பார்க்காதவர்களைக் குளிர்காலத்துக்குள் தனியாக விட்டுவிட்டுப் போகவும் மாட்டேன். தேறிவிட்டார்கள் என்று கையெழுத்துப் போடுகிறேன், ஒரு நிபந்தனையோடு. மார்ச் வரை நான் அவர்களோடு இருக்க வேண்டும். அதை ரிச்சர்டிடம் வாங்க வேண்டியது நீங்கள். பட்டியல் போடுவதில் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டேன்."

என் வாழ்க்கையில் நான் போட்ட மிகச் சிறந்த பட்டியல் அதுதான். அதுவரை டோரதியை அனுப்பினால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டவன், டோரதியை வைத்துக்கொண்டால் எவ்வளவு மிச்சம் என்று போட்டேன். தவறான பாகம் போனால் திரும்ப வரும் செலவு, கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகும் மெக்கானிக்குகள், சென்னைக்காரர்களை முதலிலிருந்து பழக்க ஆகும் காலம். எல்லாம் உண்மை. அதே எண்களை வைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம் என்பதை அன்றுதான் கண்டேன். சம்பளக் கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ரிச்சர்ட் இரண்டு நாள் யோசித்து, "மலிவாகத்தான் தெரிகிறது," என்று ஒப்புக்கொண்டார். அவரிடமிருந்து வரக்கூடிய மிகப் பெரிய பாராட்டு.

கையெழுத்து வந்தது. ஒன்பது பேருக்கும் வேலை உறுதியானது. பெமினா அந்தப் போட்டோவை வெளியே எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். "ஏட்டி, போலீஸ் தேடுகவள மாதிரி இரிக்கிய," என்றாள் அஜிதா.

அந்தக் குளிர்காலம் முழுவதும் டோரதி சொல்லிக் கொடுத்தார். ஆவணத்தில் இல்லாததையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். வரிசைப்படிதான் ஆர்டர் எடுக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. "போனில் பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டால் வரிசையைப் பார்க்காதே," என்றார். மிகவும் மரியாதையாகப் பேசுகிற மெக்கானிக்கிடம் பாகத்தின் எண்ணை இரண்டு முறை கேள், அவனுக்கே நிச்சயமில்லை என்று அர்த்தம் என்றார். அஜிதா ஒருநாள் குளிர் எப்படி இருக்கும் என்று கேட்டாள். குழாய்க்குள் தண்ணீர் கல்லாகி, குழாயையே பிளந்துவிடும் என்று அவர் சொன்னதும் அஜிதா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "எம்மாடி, பாவப்பட்ட சனங்க!" என்று அறை முழுக்கக் கேட்கச் சொன்னாள். அதற்குப் பிறகு வீட்டைச் சூடாக்கக் காசு கொடுப்பவர்களைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் யாரும் கேலி பேசவில்லை.

மார்ச் முடிந்தது. கடைசி வெள்ளிக்கிழமை டோரதி எல்லோரிடமும் ஒவ்வொருவராகப் பேசினார். திங்கட்கிழமை நான் பட்டியலிலிருந்து அவருடைய வரியை அழித்தேன். கீழே மொத்தத் தொகை நன்றாக இறங்கியது. ரிச்சர்ட் 'அருமை' என்று ஒரு சொல்லில் பதில் அனுப்பினார்.

அன்று சாயங்காலம் பெமினா வந்து நின்றாள்.

"சார், வெளிநாட்டுக்குப் பேசுக கார்டு இங்க எங்க கிட்டும்?"

"யாருக்கு? துபாய்க்கா?"

"இல்ல சார். டோரதி மேடம் வீட்டு நம்பர் தந்திருக்காவ. நாங்க ஒம்பது பேரும் காசு போட்டிருக்கோம். இன்னைக்கு வேலைக்குப் போவாம வீட்டுல இரிப்பாவ இல்லியா."

"அதுக்கு எதுக்குக் கார்டு? ஆபீஸ் போன்லயே பேசு. ரிச்சர்ட் கேட்டா நான் பார்த்துக்கிறேன்," என்றேன். எனக்கு அன்று தாராளம் வந்திருந்தது.

அவள் தலையை ஆட்டினாள்.

"மாப்பிள்ளை போன துட்டிய ஆபீஸ் போன்ல கேட்டோம் சார். அது ஆண்டவரு எடுத்தது. இது வேலை போன துட்டி, நம்ம எடுத்ததாக்கும். நம்ம காசுலதான் கேக்கணும்."